கொரோனா இறப்பு நிவாரண மனுக்கள்: சட்டக் கல்லூரி உதவி மையத்துக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? (வேலூர் - ராணிப்பேட்டை - திருப்பத்தூர்)

காட்பாடி_இறுதியாண்டு | 12 பிப்ரவரி 2022

வணக்கம். இன்னும் சில மாதங்களில் எங்கள் வகுப்பு படிப்பை முடித்து வெளியே போகிறது. கல்லூரி சட்ட உதவி மையத்துக்கு இப்போது அதிகம் வருவது கொரோனாவில் ஆளை இழந்த குடும்பங்கள்தான். 50,000 ரூபாய் நிவாரணம், வாரிசுச் சான்று, இறப்புச் சான்றில் பெயர்ப் பிழை, பிஎஃப், குழந்தைகளுக்கான உதவி என்று கேட்டு வருகிறார்கள். அடுத்த வகுப்பு மாணவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். எந்தக் காகிதத்தை முதலில் எடுப்பது, எங்கே மனு திரும்பி வருகிறது, மாணவர்கள் எதுவரை செய்யலாம் - இந்த மூன்றையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

சத்துவாச்சாரி_வக்கீல் | 12 பிப்ரவரி 2022

தம்பி, முதலில் சட்டத்தின் பின்னணியை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். அது தெரியாமல் கவுண்டரில் பேச முடியாது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 12. அதன்கீழ் நிவாரணத்துக்கு வழிகாட்டுதல் வகுக்க வேண்டும் என்று கவுரவ் குமார் பன்சால் வழக்கில் 30.6.2021 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 11.9.2021 அன்று தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒரு இறப்புக்கு 50,000 ரூபாய், மாநில பேரிடர் நிதியிலிருந்து என்று முடிவு செய்தது. 4.10.2021 உத்தரவுதான் உங்களுக்கு அன்றாடம் தேவைப்படும் உத்தரவு. அதில் மூன்று வரிகளை அடிக்கோடிடுங்கள். இறப்புச் சான்றில் கொரோனா என்று இல்லை என்பதற்காக மட்டும் மனுவை மறுக்கக் கூடாது. மனு வந்த 30 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். மறுத்தால் மாவட்ட அளவிலான குறைதீர்க்கும் குழுவிடம் போகலாம்.

எது கொரோனா இறப்பு என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். பரிசோதனை செய்த நாள், அல்லது மருத்துவர் இது கொரோனாதான் என்று முடிவு செய்த நாள், இதிலிருந்து 30 நாளுக்குள் இறந்திருந்தால் கணக்கில் வரும். வீட்டுக்கு வந்தபின் இறந்திருந்தாலும் வரும். 30 நாளைத் தாண்டியும் மருத்துவமனையிலேயே இருந்து, அங்கேயே இறந்தவரும் இதில் அடக்கம். உதாரணத்துக்கு, மே 8-ல் பரிசோதனை, மே 20-ல் வீடு திரும்பினார், ஜூன் 3-ல் வீட்டில் மூச்சுத்திணறி இறந்தார் என்றால் அது 26-ஆவது நாள். தகுதி உண்டு. தொற்று உறுதியான 30 நாளுக்குள் தற்கொலை செய்துகொண்டவரின் குடும்பத்துக்கும் உண்டு. இதைப் பலர் கேட்கவே தயங்குவார்கள். நீங்கள்தான் முன்வந்து சொல்ல வேண்டும்.

பதிவேடு_பழையவர் | 13 பிப்ரவரி 2022

பிறப்பு இறப்புப் பதிவில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். "சான்றிதழில் காரணம் இல்லையே" என்று அழுதுகொண்டு வருகிற குடும்பத்துக்கு முதலில் சொல்ல வேண்டியது, எந்த இறப்புச் சான்றிதழிலும் காரணம் இருக்காது என்பதுதான். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பிரிவு 17 அதைத் தடை செய்கிறது. பதிவேட்டில் காரணம் இருக்கும், சான்றிதழில் அச்சாகாது. அதனால் சான்றிதழைத் திருத்தக் கோரி மனு போட்டு மாதக் கணக்கில் அலைவது வீண்.

காரணம் இருக்கிற காகிதம் படிவம் 4. மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வெளியே இறந்து கடைசி நோயில் பார்த்த மருத்துவர் கொடுத்தால் படிவம் 4ஏ. பிரிவு 10(3)-ன்படி கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டியது. அதில் முதல் பகுதியில் அ, ஆ, இ என்று வரிசை இருக்கும். 'அ' உடனடிக் காரணம், கீழே போகப்போக மூலகாரணம். பார்க்க வேண்டியது கடைசி வரியை. மேலே "மூச்சு செயலிழப்பு" என்றும் கீழே "கோவிட் நிமோனியா" என்றும் இருந்தால் போதும், கவலை வேண்டாம். மேலே, கீழே எங்குமே கோவிட் இல்லாமல் "இதய நிறுத்தம்" என்று மட்டும் இருந்தால்தான் மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும். யூ07.1 என்ற குறியீடு இருந்தால் வைரஸ் உறுதியானது, யூ07.2 என்றால் அறிகுறியை வைத்து முடிவு செய்தது என்று அர்த்தம்.

படிவம் 4-ல் காரணத்தை மாற்ற பதிவாளரால் முடியாது. கையெழுத்துப் போட்ட மருத்துவர் தரப்பிலிருந்துதான் வர வேண்டும். பெயர், வயது, முகவரிப் பிழை வேறு. அது பிரிவு 15. எழுத்துப் பிழை என்றால் பதிவாளரே திருத்துவார். விவரமே மாறுகிறது என்றால் உண்மை அறிந்த இரண்டு பேரின் உறுதிமொழி வேண்டும்.

காட்பாடி_இறுதியாண்டு | 13 பிப்ரவரி 2022

மிக்க நன்றி சார். மருத்துவமனைக் கோப்பையே குடும்பம் வாங்காமல் விட்டிருந்தால்? இரண்டாம் அலையில் பலருக்குக் கையில் ஒரு பில் மட்டும்தான் இருக்கிறது.

சத்துவாச்சாரி_வக்கீல் | 13 பிப்ரவரி 2022

கேட்டு வாங்கலாம். மருத்துவக் கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகள், 1.3.2: நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணம் தர வேண்டும். 1.3.1: உள்நோயாளி ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2020 ஜூலையில் சேர்ந்தவரின் கோப்பு 2023 ஜூலை வரைதான் உறுதி. ஆகவே பணத்துக்கு மனு போடுகிறார்களோ இல்லையோ, கோப்பின் நகலை இப்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கடிதத்தில் நோயாளி பெயர், வயது, மருத்துவமனை எண், சேர்ந்த தேதி, இறந்த தேதி, கேட்பவரின் உறவு, அடையாள அட்டை நகல் இருக்க வேண்டும். கேட்பது நான்கு: இறப்பு அல்லது வெளியேற்றச் சுருக்கம், ஆர்டி-பிசிஆர் முடிவு, சிடி ஸ்கேன் அறிக்கை, படிவம் 4 நகல். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்க வேண்டும். வெளியூர்க் குடும்பம் என்றால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால்.

ஆர்டி-பிசிஆர் "நெகட்டிவ்", ஆனால் சிடியில் நுரையீரல் பாதிப்பு இருக்கிறது, கோவிட் வார்டில் சிகிச்சை நடந்தது - இப்படி வரும் மனுக்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். "மருத்துவ ரீதியாகத் தீர்மானிக்கப்பட்டது" என்ற சொற்கள் இருப்பதே இவர்களுக்காகத்தான்.

குடியாத்தம்_சட்டத்தன்னார்வலர் | 14 பிப்ரவரி 2022

நடைமுறையில் மனு திரும்பி வருவது கொரோனாவுக்கு ஆதாரம் இல்லாததால் குறைவு, பெயர் ஒத்துப்போகாததால்தான் அதிகம். ஆதாரில் தந்தை பெயர் முழுதாக, ரேஷன் அட்டையில் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால், பரிசோதனை முடிவில் ஆய்வகம் காதில் விழுந்தபடி அடித்த எழுத்து. முதல் நாளே ஒரு தாளில் எல்லா ஆவணத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் பெயர், வயது, கதவு எண் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் "இருவரும் ஒருவரே" என்று ஒரு பிரமாணப் பத்திரம், நோட்டரி முன் கையெழுத்து. இறந்தவருக்கு ஒன்று, மனுதாரருக்கு ஒன்று. இரண்டையும் ஒரே தாளில் கலக்க வேண்டாம்.

அடுத்தது நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். 2019 நவம்பர் 28-ல்தான் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆயின. ஆம்பூர், வாணியம்பாடி ஆட்களின் பழைய ஆவணம் எல்லாம் "வேலூர் மாவட்டம்" என்றே இருக்கும். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ஆட்களுக்கும் அப்படியே. இதைத் திருத்தப் போய் அலையத் தேவையில்லை. மனுவில் "முன்னாள் வேலூர் மாவட்டம், தற்போது திருப்பத்தூர் மாவட்டம்" என்று ஒரு வரி போதும். ஆனால் இணையப் படிவத்தில் மாவட்டப் பட்டியலில் திருப்பத்தூருக்குப் பதில் திருப்பூரைத் தொட்டுவிட்டால் மனு கொங்கு நாட்டுக்குப் போய்விடும். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் என்றே ஒரு வட்டம் உண்டு. சமர்ப்பிக்கும் முன் இரண்டு பேர் பாருங்கள்.

பதிவேடு_பழையவர் | 14 பிப்ரவரி 2022

இதோடு சேர்த்து ஒன்று. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. ஆம்பூர்க்காரர் வேலூர் நகரத்தில் மருத்துவமனையில் இறந்தால் சான்றிதழ் வேலூர் மாநகராட்சியில்தான் கிடைக்கும், ஆம்பூர் நகராட்சியில் தேடிப் பயனில்லை. வாரிசுச் சான்று அப்படி அல்ல, இறந்தவர் குடியிருந்த ஊரின் வட்டாட்சியர். ஒரே குடும்பம் இரண்டு மாவட்டத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். சிகிச்சைக்கு சித்தூரிலிருந்தும் மேற்கு வங்கம், ஜார்க்கண்டிலிருந்தும் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து இங்கேயே இறந்தவர்கள் உண்டு. அவர்களுடைய வாரிசு ஆவணம் அந்த மாநிலத்துச் சட்டப்படி அங்கே எடுக்க வேண்டியது. இங்கே மையம் செய்யக்கூடியது சான்றிதழும் மருத்துவக் கோப்பும் எடுத்து அனுப்புவது. அதுவே பெரிய உதவி. வெளியூர்க்காரர்களுக்கு இங்கே கேட்க ஆள் இல்லை.

கிராமத்தில் வீட்டில் இறந்து, இன்னும் பதிவே செய்யவில்லை என்று இப்போதும் வருகிறார்கள். 21 நாளுக்குள் இலவசம். 30 நாள் வரை தாமதக் கட்டணம். 30 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள் என்றால் எழுத்து அனுமதியும் பிரமாணப் பத்திரமும். ஓராண்டு தாண்டினால் ஆணை பெற வேண்டும். 2021 மே மாத இறப்புகளுக்கு ஓராண்டு முடியப் போகிறது. பதிவாகாத இறப்பு இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதை முதலில் முடியுங்கள்.

காட்பாடி_இறுதியாண்டு | 16 பிப்ரவரி 2022

வாரிசுச் சான்றில் இறந்தவரின் தாயார் பெயரை மருமகள் சேர்க்க மறுக்கிறார். தாயார் தனியாக வசிக்கிறார். இப்படி அடிக்கடி வருகிறது. என்ன சொல்வது?

சத்துவாச்சாரி_வக்கீல் | 16 பிப்ரவரி 2022

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் நால்வரும் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அந்த வகுப்பில் இல்லை. தாயை விட்டுவிட்டு எடுத்த சான்று பின்னால் ரத்து ஆகும், பணமும் நிற்கும். அதை எழுதிக் கொடுக்கவே கூடாது. பெயரைச் சேர்த்துவிட்டு, 50,000 ரூபாய் மனைவியின் கணக்குக்குப் போகத் தாயாரிடம் ஆட்சேபமில்லை என்று கடிதம் கேளுங்கள். அவர் தர மறுத்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு வைக்கலாம். மருமகளிடமும் மாமியாரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே மாணவர் ஆலோசனை சொல்லக் கூடாது.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தந்தையும் வாரிசு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வேலை செய்கிறவர்கள் அதைத் தனியாகப் படித்துவிட்டுப் போக வேண்டும்.

ஆம்பூர்_தொழிற்சங்கம் | 19 பிப்ரவரி 2022

எல்லோரும் 50,000 பற்றியே பேசுகிறீர்கள். தோல் பதனிடும் ஆலையிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்தவர் இறந்திருந்தால் அதைவிடப் பல மடங்கு பணம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. வருகிற எல்லோரிடமும் முதல் கேள்வியாக "சம்பளத்தில் பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தார்களா" என்று கேளுங்கள்.

ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கோவிட் நிவாரணத் திட்டம்: 24.3.2020 முதல் நடைமுறை. நோய் உறுதியாவதற்குக் குறைந்தது 3 மாதம் முன்பே இணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். நோய் கண்ட அன்று வேலையில் இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஓராண்டில் குறைந்தது 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் சராசரி தினக்கூலியில் 90 விழுக்காடு குடும்பத்துக்கு மாதந்தோறும் வரும். குறைந்தது மாதம் 1,800 ரூபாய். படிவம் சிஆர்எஸ்-1, கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 2020 ஊரடங்கில் ஆலை மூடியிருந்ததால் சந்தா நாள் குறைந்திருக்கும். 70 நாள் கணக்கில் சம்பளத்துடன் எடுத்த விடுப்பு போன்றவையும் சேருமா என்று கிளை அலுவலகத்தில் சந்தாப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வாய்மொழியாகத் "தகுதி இல்லை" என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

பிஎஃப் பக்கம் மூன்று தனித்தனி உரிமை: சேர்ந்த தொகை (படிவம் 20), குடும்ப ஓய்வூதியம் (படிவம் 10டி), இன்சூரன்ஸ் (படிவம் 5ஐஎஃப்). மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூட்டுப் படிவமும் உண்டு. ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் ஒரு மாதச் சந்தா இருந்தாலே விதவை ஓய்வூதியம் உண்டு. இன்சூரன்ஸ் உச்சவரம்பு 2021 ஏப்ரல் அறிவிக்கையின்படி 7 லட்சம். முந்தைய 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தால் குறைந்தது 2.5 லட்சம்.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போனவர்களிடம் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) இருக்காது. சம்பளச் சீட்டு, ஈஎஸ்ஐ அட்டை, பழைய குறுஞ்செய்தி எதிலாவது தேடுங்கள்.

குடியாத்தம்_சட்டத்தன்னார்வலர் | 19 பிப்ரவரி 2022

அண்ணா சொன்னது சரி. பீடி சுற்றுகிறவர்கள், தீப்பெட்டி வேலை, கூலி வேலை செய்கிறவர்களுக்கும் ஒன்று உண்டு. வங்கிப் புத்தகத்தில் மே மாத இறுதியில் 330 ரூபாய் கழித்திருக்கிறதா என்று பாருங்கள். அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 12 ரூபாய் மட்டும் கழித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, கொரோனாவுக்கு வராது. காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. 2021 மே மாதம் இறந்தவருக்கு 2020-ல் கழித்த 330-தான் கணக்கு. அந்த ஆண்டுப் பக்கம் வரை புத்தகத்தை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு இருக்கும் கிளையில்தான் மனு. தாமதமாகிவிட்டது என்று கிளையில் சொன்னாலும் ஊரடங்கையும் நோயையும் காரணமாக எழுதிக் கொடுங்கள், வாங்காமல் இருக்கக் கூடாது.

மகளிர் குழுக் கடன், நுண்கடன் நிறுவனக் கடன் பாக்கி இருந்தால் கடன் அட்டையின் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் கடன் வாங்கியவருக்கும் கணவருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் பிடித்திருப்பார்கள். கணவர் இறந்தபின்னும் வாரத் தவணை கட்டிக்கொண்டே இருக்கிற பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

காட்பாடி_இறுதியாண்டு | 22 பிப்ரவரி 2022

இவ்வளவையும் மாணவர்களே எழுதிக் கொடுக்கலாமா என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆவணம் வாங்குவது பற்றியும்.

சத்துவாச்சாரி_வக்கீல் | 22 பிப்ரவரி 2022

மனு எழுத உதவலாம். வழக்கறிஞர்கள் சட்டம் 1961 பிரிவு 29, 33 படி வழக்கு நடத்தும் உரிமை பதிவு செய்த வழக்கறிஞருக்குத்தான். ஆகவே நீதிமன்றத்தில் ஆஜர், வக்கீல் நோட்டீஸ், வக்கீல் என்று சொல்லிக் கையெழுத்து, கட்டணம் - நான்கும் கூடாது. மனு குடும்பத்தின் பெயரில், அவர்கள் கையெழுத்தில் போக வேண்டும். எழுதியவர் பெயர் வேண்டுமானால் "எழுத உதவியவர்" என்று கீழே. எழுத்து தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, புரிந்துகொண்டார் என்று சாட்சிக் குறிப்பு.

நீதிமன்றம் வரை போக வேண்டிய நிலை வந்தால் 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 12. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிலாளர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. விதவைப் பெண் வருமானச் சான்று இல்லை என்று திரும்பிப் போனால் அது நம் தவறு. 15100 எண்ணை மேசையில் ஒட்டி வையுங்கள்.

குடியாத்தம்_சட்டத்தன்னார்வலர் | 22 பிப்ரவரி 2022

எழுதிக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. வாட்ஸ்அப்பில் ஆவணம் வாங்குவதில் மறுப்பு உண்டு. குழுவில் ஆதார் படம் போட்டால் நாற்பது பேர் கைபேசியில் தங்கிவிடும். இழவு வீட்டைத் தேடி "நிவாரணம் வாங்கித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று அழைக்கிற கூட்டம் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு மாணவர், தனி எண்ணில் வாங்கி, அச்செடுத்ததும் அழிக்க வேண்டும். ஓடிபி கேட்கும் இடத்தில் மனுதாரர் நேரில் இருக்க வேண்டும். இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனாலும் அவருடைய சொந்த எண்ணையே கொடுங்கள். மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் மறுப்புச் செய்தி அவருக்குத்தான் போகும், குடும்பத்துக்குத் தெரியாமலே நாள் கடந்துவிடும்.

ஆம்பூர்_தொழிற்சங்கம் | 23 பிப்ரவரி 2022

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கணவனை இழந்து இத்தா (முஸ்லிம் பெண்கள் வீட்டிலேயே இருக்கும் துக்க காலம்) இருக்கிற பெண்ணை நேரில் வா என்று சொல்ல முடியாது, கைக்குழந்தை உள்ளவரையும் அலைக்கழிக்கக் கூடாது. அந்த வீடுகளுக்கு இரண்டு மாணவிகள் போய் வர ஏற்பாடு இருக்கட்டும். தெருவிலேயே ஒரு தெரிந்த பெண் கூட இருந்தால் பேச்சு எளிதாகும்.

சத்துவாச்சாரி_வக்கீல் | 23 பிப்ரவரி 2022

நல்ல ஏற்பாடு. வீட்டுக்குப் போகிறவர்கள் மூல ஆவணத்தை எடுத்துவரக் கூடாது, படம் மட்டும். அதுவும் ஒரே கைபேசியில்.

பயிற்சிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பார் கவுன்சிலின் 2008 விதிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி. ஓராண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. தன்னார்வ அமைப்பு, சட்ட உதவிப் பணியும் அதில் சேரும். நாட்குறிப்பில் குடும்பத்தின் பெயர் வேண்டாம், மனு எண் மட்டும் எழுதுங்கள்.

வாலாஜா_வாசகி | 2 மார்ச் 2022

இழையை முழுக்கப் படித்தேன். 2020-ல் ஊரடங்கை மீறியதாக மகன் மீது இந்திய தண்டனைச் சட்டம் 188-ஆவது பிரிவில் வழக்கு. இப்போது பாஸ்போர்ட் சரிபார்ப்பில் நிற்கிறது. இதுவும் உங்கள் மையத்தில் வருமா?

சத்துவாச்சாரி_வக்கீல் | 2 மார்ச் 2022

வரும் அம்மா. 2021 பிப்ரவரியில் ஊரடங்கு மீறல் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. வன்முறை, இ-பாஸ் மோசடி போன்றவை அதில் சேரவில்லை. வழக்கு எந்த நீதிமன்றத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் எண்ணை வைத்துப் பாருங்கள். முடிந்திருந்தால் சான்று நகல் வாங்கிப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கொடுக்கலாம். முடியவில்லை என்றால், 188-க்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 195-ன்படி அரசு ஊழியரின் எழுத்துப் புகார் இல்லாமல் நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் ஜீவானந்தம் வழக்கில் 2018-ல் விரிவாகச் சொல்லியிருக்கிறது. சட்ட உதவி வழக்கறிஞர் மூலம் போகலாம்.

காட்பாடி_இறுதியாண்டு | 25 மார்ச் 2022

அவசரம். நேற்று (24.3.2022) உச்ச நீதிமன்றம் காலக்கெடு வைத்துவிட்டது. 20.3.2022-க்கு முன் நடந்த இறப்புகளுக்கு நேற்றிலிருந்து 60 நாள். இனி நடப்பவற்றுக்கு இறந்த நாளிலிருந்து 90 நாள். கணக்கிட்டால் மே 23.

சத்துவாச்சாரி_வக்கீல் | 25 மார்ச் 2022

ஆம். பட்டியலில் உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் இன்றே தகவல் போகட்டும். மே 23-ஐ கையேட்டில் எழுதாதீர்கள், மே 10 என்று எழுதுங்கள். கடைசி வாரத்தில் தளம் திணறும், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று தேங்கும். வாரிசுச் சான்று வரவில்லை என்பதற்காக நிவாரண மனுவை நிறுத்த வேண்டாம். விண்ணப்பித்த ரசீதை இணைத்து மனுவைப் பதிவு செய்துவிட்டு, சான்று வந்ததும் சேர்க்கலாம். மனு எண் கையில் இருப்பதுதான் முக்கியம்.

அதே உத்தரவில் பொய் மனுக்களைச் சரிபார்க்கவும் சொல்லியிருக்கிறார்கள். பேரிடர் சட்டம் பிரிவு 52-ன்படி பொய்க் கோரிக்கைக்கு இரண்டாண்டு வரை சிறை. 31-ஆவது நாள் இறந்ததை 29 என்று எழுதித் தரச் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பரிசோதனை நாளுக்குப் பதில் மருத்துவர் முடிவு செய்த நாள் தாமதமாக இருந்ததா, மருத்துவமனையிலிருந்து வெளியேறாமலே இறந்தாரா என்று உண்மையான வழியைத் தேடுங்கள்.

குடியாத்தம்_சட்டத்தன்னார்வலர் | 27 மார்ச் 2022

குழந்தைகள் விஷயம் விடுபட்டுவிட்டது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு மாநில அரசின் 5 லட்சம் வைப்புத் தொகை, 18 வயதில் வட்டியோடு. உறவினர் வளர்த்தால் மாதம் 3,000 பராமரிப்பு. ஒருவரை இழந்தால் 3 லட்சம். இதோடு, இருவரையும் இழந்த குழந்தைக்கு மத்திய அரசின் பிஎம் கேர்ஸ் திட்டத்தில் 23 வயதில் 10 லட்சம். அது 11.3.2020 முதல் 28.2.2022 வரை நடந்த இறப்புகளுக்கு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தொடங்குங்கள். குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் காட்ட வேண்டும் என்றதும் "பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்று பாட்டிகள் பயப்படுகிறார்கள். உறவினரிடமே விட்டுவைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

"கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தை, தத்துக் கொடுக்கப்படும்" என்று வரும் செய்தியை யாரும் பகிரக் கூடாது. சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். 1098-க்குச் சொல்லுங்கள்.

காட்பாடி_இறுதியாண்டு | 24 மே 2022

கெடு நேற்றோடு முடிந்தது. வெளியூரில் வேலை செய்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பிய சில குடும்பங்கள் இன்றும் வருகின்றன. இவர்களுக்கு வழி உண்டா?

சத்துவாச்சாரி_வக்கீல் | 24 மே 2022

உண்டு. மிகுந்த சிரமத்தால் கெடுவுக்குள் வர முடியாதவர்கள் நேராகக் குறைதீர்க்கும் குழுவிடம் மனு செய்யலாம் என்று மார்ச் உத்தரவே சொல்கிறது. குழு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கும். மனுவில் பொதுவாக "தெரியாமல் போனது" என்று எழுதினால் நிற்காது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எங்கே இருந்தார், எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தார் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் வையுங்கள்: ரயில் சீட்டு, வேலை செய்த இடத்துக் கடிதம், மருத்துவமனைக் கோப்பு கேட்டுக் கொடுத்த கடிதத்தின் முத்திரை நகல், வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்த ரசீது. மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவாகி எண் வாங்க வேண்டும். நகல் ஒன்று சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு.

காட்பாடி_இறுதியாண்டு | 24 மே 2022

நன்றி சார். இந்த வடிவத்திலேயே மாதிரி மனுவைத் தயாரித்து, அடுத்த ஆண்டு மாணவர்களையும் கூட உட்கார வைத்து நாளை மாலைக்குள் இவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.